பழைய கோட்டை அருகே நாரைகள்

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் காட்டி முடித்தபின், குழந்தைகளின் பிடிவாதத்துக்காக மட்டுமே மிருகக்காட்சிசாலைக்குப் புறப்படுவது டில்லியில் வாழும் நம்மவர் வழக்கம். காமிராவும் கையுமாகச் செல்வோர்க்கு அது கடைசியில் பார்க்க வேண்டிய இடமன்று என்பது நமது அபிப்பிராயம்.

1959-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி திறக்கப்பெற்ற இத்தோட்டம், புராணா கிலா என்னும் பழைய கோட்டையின் மதிலை அடுத்துள்ளது. பெரிய மிருகங்கள் பலவற்றைக் கம்பிக் கூண்டில் அடையாமல், நடுவே அகழி வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். ஆதலால் படத்தில் கம்பிக்கோடு விழுவதில்லை. அதற்காகச் சுவர்மீது ஏறலாகாது. 2014 செப்டம்பரில் வெள்ளைப்புலியின் அடைப்புக்குள் விழுந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னும், ஒரு படத்துக்காகக் குழந்தையைச் சுவர்மேல் உட்கார்த்தும் தந்தைமாரைக் காண்கையில் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

புலி பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். நாம் சொல்ல வந்தது நாரைகளைப் பற்றி. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் அதே மஞ்சள்மூக்கு நாரைகள், யாரும் பிடித்து வராமலே, திறந்த வானத்தின் வழியே இங்கு வந்து குடியேறுகின்றன. ஆகஸ்டு, செப்டம்பரில் வந்து, குளத்து நடுத்திட்டுகளிலுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. அம்மரங்களுள் நம் சீமைக்கருவேலும் உண்டு! ஊரில் நாம் வெறுக்கும் மரம் இங்கே தொட்டிலாகிறது.

பெரிய பறவைகள் அலகைத் தட்டுவதன்றிக் குரலெழுப்புவது அரிது, கூச்சலெல்லாம் குஞ்சுகளுடையதே. உச்சி வெயிலில் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமாதலால் யார் என்று சொல்லுதல் எளிதன்று. அந்தக் காட்சிக்காகக் காத்திருக்கலாம். கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்கும்படி நின்றால் இறகின் இளஞ்சிவப்பு நன்கு விழும். கைதட்டி அழைப்பதும் கல்லெறிவதும் வேண்டா; வெருண்டெழும் பறவை குஞ்சை வெயிலில் விட்டுச் செல்கிறது.

பறவைக் காய்ச்சலால் 2016 அக்டோபரிலும் 2025 ஆகஸ்டு இறுதியிலும் தோட்டத்தை மூட நேர்ந்தது. இரண்டாம் முறை மாண்டவற்றுள் இந்நாரைகளும் இருந்தன. இரையும் நிச்சயமன்று: யமுனைக் கரையிலும் சுற்றுப்புற நீர்நிலைகளிலும் மீன் தேடியே இவை குஞ்சுகளை வளர்க்கின்றன. அந்நதியின் நிலையை நாம் அறிவோம். எடுத்த படத்தில் தேதியும் கூடுகளின் எண்ணிக்கையும் குறித்து வைப்பின் அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும். வெள்ளிக்கிழமை விடுமுறை.