தனியாக் கம்பெனி தொடங்கப் போறீங்களா?

ஆன்லைன் சேவைக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் 3டி பிரிண்டர் வைத்திருக்கிறேன். கம்பெனி பதிவு செய்ய அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு சேவை அனுப்பிய பில்லில் உத்யம் பதிவுக்கு மட்டும் 1,500 ரூபாய். அரசு தளத்தில் அது இலவசம். ஆதாரும் பானும் போதும். அங்கேயே உறுத்திச்சு.

“அடுத்த வருஷம் எவ்வளவு ஆகும்?”னு கேட்டேன். மழுப்பினாங்க. 2013 கம்பெனிகள் சட்டப்படி ‘ஒரு நபர் கம்பெனி’க்கு ஆள் ஒருத்தர் போதும், ஆனா நாமினி வேணும். ஒரு ரூபாய்க்கு விற்காத வருஷமும் ஆடிட் உண்டு. ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். சலுகை விலையில் இதெல்லாம் எங்கே இருக்கு?

கடன் நம்ம சொத்து மேல வரக்கூடாதுன்னா கம்பெனிதான் சரி. எனக்கோ மாசம் நாலு ஆர்டர். உத்யம் சான்றிதழை நானே எடுத்துட்டேன். சீட்டுப் பணத்தில் ஃபிலமெண்ட் வாங்கியாச்சு.