எத்தனை நேரம் 'அவுட்'?

நான் பி.ஏ. வரை படித்தவள். ஆங்கிலப் பத்திரிகையை எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் கல்யாணமான கையோடு இவருடன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குக் குடித்தனம் போனேன். போன பிறகல்லவா தெரிந்தது, அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் நான் படித்த பெரிய பெரிய வார்த்தைகளுக்கு வேலையே இல்லை என்பது! எல்லாம் 'கெட்', 'பாஸ்', 'கம்' போன்ற சின்ன வார்த்தைகள். அதற்குப் பின்னால் 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ரவுண்ட்' என்று ஒரு வால். வால் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

2011-ம் வருஷம் மே மாதம். பையனுக்கு நாலு வயசு. இவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். வழக்கம்போல் மூன்று மணிக்குப் பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஐந்து மணி இருக்கும், சறுக்குமரத்தின் ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டான். ஓடிப் போய்த் தூக்கினால் கண் செருகிக் கிடக்கிறான். "கண்ணா, கண்ணா" என்று நான் அலறியதில் அரை நிமிஷம் போலக் கழித்துக் கண்ணைத் திறந்து அழுதான். (இப்படி நினைவு தப்பி விழுந்த பிள்ளையைத் தூக்கி ஆட்டவும் கூடாது, காரில் போட்டுக்கொண்டு ஓடவும் கூடாது. ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். அங்கே 999, நம் ஊரில் 108. அன்றைக்கு எனக்கு எங்கே அது தோன்றியது?) பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே, "போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்கள். பி.ஏ. படித்தவளுக்கு மொழிபெயர்ப்பாளரா! "வேண்டாம்" என்று விட்டேன்.

நர்ஸ் குறிப்பேட்டைத் திறந்து, "ஹவ் லாங் வாஸ் ஹீ அவுட், லவ்?" என்றாள். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களைக்கூட 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை எத்தனை நேரம் வெளியில் விளையாடினான் என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"டூ அவர்ஸ்" என்றேன்.

அவள் பேனா அப்படியே நின்றுவிட்டது. "டூ அவர்ஸ்?"

"யெஸ், யெஸ். டெய்லி டூ அவர்ஸ்."

தினமும் இரண்டு மணி நேரம் நினைவு தப்பிக் கிடக்கிற பிள்ளையை அவள் பார்த்திருக்க மாட்டாள், பாவம். உள்ளே ஓடிப் போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் 'அன்கான்ஷியஸ்' என்று ஒரு பெரிய வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. "நோ, நோ! பார்க்! ப்ளேயிங்!" என்று கத்தினேன்.

சரி, எத்தனை நேரம் 'பாஸ் அவுட்' ஆனான் என்று அவர் திரும்பக் கேட்டார். அரை நிமிஷத்தில் எழுந்துவிட்டான் என்று மனசுக்குள் தமிழ் ஓடியது. அதை அப்படியே, "பாஸ்டு அவுட் இன் ஹாஃப் எ மினிட்" என்றேன். அதற்கு அர்த்தம், விழுந்து அரை நிமிஷம் கழித்துத்தான் மயங்கினான் என்பது! "முதலில் நன்றாக இருந்தானா?" என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். அடிபட்ட பிள்ளை கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு நினைவு தப்பினால், மண்டைக்குள் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிப்பார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். வாந்தியையும் விட்டு வைத்தேனா? "த்ரோயிங் அப் சின்ஸ் ஹாஃப் அன் அவர்" என்று சொல்லி, ஒரு தடவை எடுத்ததை அரை மணியாக ஓயாமல் எடுக்கிற மாதிரி ஆக்கிவிட்டேன். தலையில் அடிபட்டால் வாந்தி எத்தனை தடவை என்று எண்ணுவார்களாம். மூன்றோ அதற்கு மேலோ போனால் விஷயமே வேறு.

கடைசியில் அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், நான் விரலைக் காட்டினேன். ஊமை பாஷையில் உண்மை வெளியே வந்தது. "கீப் ஹிம் இன் ஃபார் ஃபோர் அவர்ஸ்" என்றார். நாலு மணி நேரம் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். பையன் பிஸ்கட் கேட்டான். பத்தரை மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கை நடுக்கம் மறுநாள்தான் நின்றது.

அடுத்த வாரமே ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அங்கே டீச்சரம்மா ஓர் ஆப்பிளை மேஜையில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். ஆப்பிளைச் சும்மா 'ஈட்' பண்ணினால் 'ஃபார் ஃபைவ் மினிட்ஸ்' என்று சொல்லலாம். மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'ஈட் அப்' என்று வால் சேர்ந்துவிட்டதோ, ஆப்பிள் காலி! அப்போது 'இன் ஃபைவ் மினிட்ஸ்' என்றுதான் வரும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம்? "அஞ்சு நிமிஷம் தின்னுக்கிட்டே இருந்தான்", "அஞ்சு நிமிஷத்துல தின்னுட்டான்". நமக்கு 'விடு' என்று ஒரு வால், அவர்களுக்கு 'அப்' என்று ஒரு வால். "அரை நிமிஷம் மயங்கிக் கிடந்தான்" என்று நாம் சொல்வது 'பாஸ்டு அவுட் ஃபார்'. அங்கே 'ஃபார்' அளப்பது மயங்குகிற நேரத்தை அல்ல, மயங்கிக் கிடந்த நேரத்தை. 'ஸிட் டவுன் ஃபார் டென் மினிட்ஸ்' என்றால் பத்து நிமிஷமா குனிந்துகொண்டே இருப்போம்? உட்கார்ந்து, பத்து நிமிஷம் இருப்போம். அதே மாதிரிதான். "அரை நிமிஷத்துல முழிச்சுட்டான்" என்பதற்கு 'கேம் ரவுண்ட் இன் ஹாஃப் எ மினிட்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கண் திறந்ததைச் சொல்ல நினைத்து, மயங்கினதைச் சொல்லிவிட்டேன்! வாந்தி மாதிரி சட்டென்று முடிகிற காரியத்துக்கு 'ஃபார்' போட்டால், விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப என்று ஆகிவிடும். ஒரு தடவைதான் என்றால் 'ஒன்ஸ்' என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதோடு எத்தனை மணிக்கு என்றும் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. 'சின்ஸ்' பக்கமே நான் இப்போது போவதில்லை. நம்மவர்கள் பாதிப் பேர் 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்றுதான் காய்ச்சலைச் சொல்கிறோம். டாக்டர்கள் பழகிப் போய் ஒன்றும் சொல்வதில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும், உடம்புக்கு ஏதாவது என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அவசரத்தில் எனக்கு வால் பிடிபடுவதில்லை.

பையன் இப்போது என்னைவிட உயரம். ஆஸ்பத்திரிக் கதையை இவர் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறான். வெளியில் கிளம்பும்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவான்: 'அவுட் ஃபார் டூ அவர்ஸ்.' அதன் கீழே, குட்டி எழுத்தில்: 'பயப்படாதே அம்மா, நடந்துதான் போகிறேன்.'