சாரல் வரும் வழி

வைகாசி பிற்பகுதியில் மேலகரத்துப் பெரியவர்கள் திண்ணையில் மேற்குப் பார்த்தே உட்காருவார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரின் ஊர். என் ஆச்சிக்கும் அதுதான் ஊர். அக்கினி நட்சத்திரம் கழிந்தும் வெக்கை தணியாத அந்த நாட்களில் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல்தான். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சத்தம் போடுவார். சித்தி பதில் சொல்லாமல் பாத்திரங்களை நங்கென்று வைப்பாள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கிய யாராவது, "புனலூர்ல நல்ல மழையாம்லா" என்று சொல்லிவிட்டால் போதும், தெருவே கொஞ்சம் மூச்சு விடும்.

முதலில் வருவது காற்று. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை, கொட்ட வேண்டியதையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். மிஞ்சிய ஈரத்தைக் காற்று அந்தக் கணவாய் வழியாகவும் முகடுகளைத் தாண்டியும் இங்கே கொண்டுவரும். அந்த மிச்சம்தான் சாரல். ஆனியிலும் ஆடியிலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் வாடும்போது, இந்த மூலைக்கு வெயிலும் தூறலும் மாறிமாறிக் கிடைக்கும்.

சாரல் விழுந்த அன்றைக்கே வீட்டின் குணம் மாறிவிடும். துணிக்கொடி முற்றத்திலிருந்து பட்டாசலுக்கு வரும். காயாத வேட்டிகளின் வாடைக்கு ஆச்சி சாம்பிராணி போடுவாள். கருப்பட்டிக் காப்பி இரண்டு வேளை என்பது நாலு வேளையாகும். தாத்தா அதே மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு, அண்டை வீட்டுக்காரரோடு பழங்கதை பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் பிள்ளைகள் காரணமே இல்லாமல் சிரிப்போம். பேச்சில்லாமல் இருந்த சித்தியும் மதினியும் சேர்ந்து உட்கார்ந்து உளுந்தங்களி கிண்டியதைப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. வானம் இறங்கி வந்ததும் மனசும் இறங்கி வந்தது, அவ்வளவுதான்.

அருவிகளில் தண்ணீர் விழுந்து சீசன் தொடங்கினால் விருந்தாளிகள் வராத வீடு கிடையாது. மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும், உறவு முறை சொல்லத் தெரியாத உறவெல்லாம் வந்து சேரும். "இருந்து நாலு நாள் குளிச்சிட்டுப் போங்க" என்பதைத் தாத்தா ஒப்புக்குச் சொன்னதில்லை. குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கியதை, தன் வீட்டு விசேஷம் போலவே சொல்லிப் பெருமைப்படுவார். உச்சியில் எண்ணெய் வைக்காமல் ஆச்சி யாரையும் அருவிக்கு அனுப்பமாட்டாள். பேரருவியோ ஐந்தருவியோ பழைய குற்றாலமோ, குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு திரும்பும்போது கையில் ஒரு மங்குஸ்தான் பழம் இருக்கும். அந்தப் பசிக்கு ஈடான பசியை நான் பிறகு அறிந்ததில்லை.

ஆவணி கழிந்தால் விருந்தாளிகள் குறைவார்கள். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடிக்கும். ஊர் திடீரென்று பெரிதாகிவிட்டது போலத் தோன்றும். காரணம் தெரியாத ஏக்கம் பிள்ளைகளுக்கும் வரும். ஐப்பசியில் வருகிற வடகிழக்குப் பருவமழை வேறு சுபாவம். இடியோடு வரும், இரவெல்லாம் பெய்யும், சிற்றாற்றில் செந்தண்ணீர் புரளும். சாரல் காலத்துக் கார் நெல் வீடு வந்து சேர்ந்து, பிசான சாகுபடிக்கு வயல் ஏற்பாடாகும் நேரம். அந்த மழையில் யாரும் விளையாடுவதில்லை. பெரியவர்கள் குளத்தங்கரையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். ஒரு மழை எங்களைக் குழந்தைகளாக்கியது, இன்னொன்று பொறுப்புள்ளவர்களாக்கியது. இரண்டும் வேண்டியிருந்தது.

மழைச் செய்தி கொண்டுவந்த மீட்டர்கேஜ் ரயில் இன்று இல்லை. 1904-இல் ஓடத் தொடங்கிய அந்தச் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை, அகலப்பாதையாக்க 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மறுபடி திறந்தது. ஆச்சியும் இல்லை, தாத்தாவும் இல்லை. அருவியும் எப்போதும் ஒரே முகம் காட்டுவதில்லை. 2024 மே மாதம், சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் குளிக்க வந்த ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து, "தண்ணியப் பாத்து எறங்குங்கலே" என்ற ஆச்சியின் அதட்டலின் அருமை இன்னும் கூடுதலாக விளங்குகிறது.

இப்போதும் ஆனி பிறந்தால், எந்த ஊரில் இருந்தாலும், மேலகரத்தில் காற்று வந்துவிட்டதா என்று யாரையாவது கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. எரிச்சலும் ஏக்கமும் எனக்குள் வரும்போது, இது வைகாசி, இது புரட்டாசி, இதுவும் கழியும் என்று நினைத்துக்கொள்ள அந்த ஊர்தான் கற்றுக் கொடுத்தது. அடுத்தவர் வானத்தின் மிச்சத்தைக் கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் கிடைத்ததை வந்தவர்களோடு பங்கிட்டோம் என்று நம்புகிறேன். நீங்கள் இந்தச் சீசனுக்குக் குற்றாலம் போனால் ஆசை தீரக் குளியுங்கள். சோப்பும் ஷாம்பூ உறையும் பிளாஸ்டிக்கும் அந்த ஓடைகளில் விழ விடாதீர்கள். அந்தத் தண்ணீர் கீழே சிற்றாறாகி வயலுக்குப் போகிறது.