மாசி மாத அடுப்படி

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு

விடிந்ததும் என் கணவரும் நானும் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் கிளம்பிவிட்டோம். தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14-இல் தொடங்கியது. விற்பவர் விவசாயி என்பதற்கு அடையாள அட்டை உண்டு. அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். பேரம் பேச வேண்டியதில்லை. முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியலிலோ பறித்த காய், வாடாமல் கைக்கு வருகிறது.

மொச்சை முடிகிற நேரம். பச்சை மொச்சை ஒரு கிலோ, நாட்டுக் கத்தரிக்காய், வாழைத்தண்டு, சிறுகீரை, முருங்கைக்கீரை, கடைசி வரத்துப் பனங்கிழங்கு ஒரு கட்டு. காலிஃபிளவர் வெள்ளை வெளேரென்று இருந்தது; வாங்கவில்லை. பூவுக்குள் புழு ஏறாமல் இருக்க அந்தப் பயிருக்கு மருந்து அதிகம் தேவைப்படுகிறது. முருங்கைக்கும் பனங்கிழங்குக்கும் அவ்வளவு தேவையில்லை. எந்தப் பருவத்தில் எது தானாக விளைகிறதோ அதை வாங்கினாலே நஞ்சு குறையும். விலையும் குறைவு. "இயற்கை" என்று சீட்டு ஒட்டிய கடைக்குப் போக முடியாதவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் காய்களைக் கல்லுப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினோம். மேலே படிந்திருப்பதுதான் இதில் போகும். உள்ளே ஏறியது போகாது. எதை வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

பிப்ரவரி 24, திங்கள்

கம்பு தோசை. முந்தின நாள் மத்தியானம் இவருடைய அம்மா, என் அத்தை, ஊறப் போட்டார்கள். கம்பு இரண்டு பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்து அரைப் பங்கு, கொஞ்சம் வெந்தயம். ராத்திரி இவர் கிரைண்டரில் ஆட்டினார். காலையில் மாவு பொங்கியிருந்தது.

அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர், "கம்பு மாவு பாக்கெட் வாங்கினேன்க்கா, கசந்துபோச்சு, பிள்ளைங்க தொடல" என்றார். கம்பில் பெரும்பாலான தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். முழுத் தானியமாக இருக்கிறவரை அது பத்திரமாக இருக்கும். அரைத்த உடனே அதிலிருக்கும் நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நாளிலேயே கசப்பும் காறலும் வந்துவிடும். மாதக்கணக்கில் கடையில் கிடந்த மாவைத் தின்றுவிட்டுக் கம்பே கசப்பு என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்பைத் தானியமாக வாங்குங்கள், அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள் என்று சொன்னேன்.

பிள்ளைகள் நாக்குக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வழக்கமான தோசை மாவில் ஒரு கைப்பிடி கம்பு சேர்த்துத்தான் ஆரம்பித்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இப்போது சின்னவன் கம்பு தோசையும் பூண்டுச் சட்னியும் டிபன் பாக்ஸில் வை என்று அவனே கேட்கிறான்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கமுதி பக்கம் குலதெய்வக் கோயில். கட்டுச்சோறு கட்டியாயிற்று: புளியோதரை, தேங்காய்த் துவையல், சுண்டல். புளியோதரை ராத்திரி வரை கெடாமல் இருந்தது. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்தால் கிருமி எளிதில் வளராது. சோற்றை நன்றாக ஆறவிட்டுத்தான் கிளற வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகிச் சோறு நசநசத்துவிடும். துவையலுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. அதைக் காலைச் சாப்பாட்டோடு முடித்துவிட்டோம். இந்தக் கணக்கெல்லாம் அத்தைக்கு மனப்பாடம்.

பேருந்து நிலையத்தில் சின்னவன் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டினான். வேண்டாம் என்று அதட்டவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெரியவள் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருப்பதை அவனுக்கு வாசித்துக் காட்டினாள். எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். வரிசையில் உருளைக்கிழங்குக்கு அடுத்தபடியாக எண்ணெய் நின்றது. அப்புறம் உப்பு, சர்க்கரை, சுவையூட்டி, ஐஎன்எஸ் என்று போட்ட எண்கள். "இதுல அப்பத்தா சமையலறையில எது இருக்கு?" என்று கேட்டாள். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு, சர்க்கரை என்று அவனே எண்ணிச் சொன்னான். மீதி எதுவும் அவனுக்குத் தெரிந்த பொருளாக இல்லை. பக்கத்தில் ஒரு பாட்டி அவித்த நிலக்கடலை விற்றுக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம்.

தடை போட்டால் பிள்ளை ஒளித்துத் தின்னும். வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் நாம் இல்லாத இடத்திலும் அது கூட நிற்கும்.

பிப்ரவரி 28, வெள்ளி

மாத எண்ணெய்க்கு மரச்செக்குக்குப் போனோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு விலையைத் தெரிந்துகொண்டால் செக்கெண்ணெய் ஏன் அந்த விலை என்பது புரிந்துவிடும். அதைவிட மிகக் குறைவாக யாராவது "செக்கெண்ணெய்" விற்றால் சந்தேகப்பட வேண்டும். எள்ளுக்குக் கருப்பட்டி போட்டு ஆட்டினார்கள். எண்ணெயை வெயிலில் வைத்துக் கசடு இறங்கியதும் தெளிவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும்.

செக்கெண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: போடுகிற பருப்பு. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். அது கல்லீரலைத் தாக்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது காரம் சேர்ப்பதால் அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. செக்கில் அந்த வேலை கிடையாது. நிறம் மாறியதும் சுருங்கியதும் சொத்தையும் பொறுக்கி எடுத்த பருப்பைப் போட்டால்தான் எண்ணெய் நல்ல எண்ணெய். எங்கள் செக்குக்காரர் சாக்கை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறார்.

நல்ல எண்ணெய் என்பதற்காக அள்ளி ஊற்றவும் கூடாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் அளவில் வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. செக்கெண்ணெய்க்கு மாறியதும் தாளிக்கும் கரண்டியைச் சிறிதாக்கினோம். மாதச் செலவு ஏறவில்லை.

மார்ச் 1, சனி

புளி நாள். நத்தம் பக்கத்திலிருந்து புதுப்புளி வந்திருந்தது. வருஷத்துக்கு வேண்டியதை மாசியிலும் பங்குனியிலும் வாங்கிவிட வேண்டும். மொட்டை மாடியில் காயப் போட்டு, நார் உரித்து, கொட்டை எடுத்தோம். இவர் தட்டிக் கொடுத்தார், பெரியவள் கொட்டை எடுத்தாள், சின்னவன் கொட்டைகளைச் சேர்த்தான், அத்தை கல்லுப்புப் பிசறி உருண்டை பிடித்தார்கள், நான் மண்பானையில் அடுக்கினேன். புளி அமிலம், உலோகப் பாத்திரத்தை அரிக்கும். மண்ணோ பீங்கானோதான் சரி. நாள் ஆக ஆக நிறம் கருக்கும், புளிப்பு மட்டுப்படும். ரசத்துக்குப் பழம்புளிதான் வேண்டும் என்பார்கள் அத்தை.

உட்கார்ந்தபடியே அத்தை பழைய கதைகளைச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் புளி, மிளகாய், மல்லி, துவரை எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் வீடு வந்து சேர்ந்துவிடுமாம். அடுத்த வாரம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் வரும். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காயவைத்து மில்லில் நாமே நின்று அரைத்துவிட்டால், வருஷம் முழுக்க மிளகாய்ப் பொடியில் சாயம் இருக்குமோ என்ற கவலை இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

ரமலான் முதல் நோன்பு. சாயங்காலம் மாடி வீட்டு அக்கா தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, மல்லி, புதினா, தேங்காய்ப் பால். பகல் முழுதும் தண்ணீர்கூட இறங்காத வயிற்றுக்கு முதலில் எதைக் கொடுக்கலாம் என்பதைத் தலைமுறை தலைமுறையாக யோசித்துச் செய்த உணவு. வறண்ட உடம்புக்குத் தண்ணீர், உடனே தெம்புக்கு அரிசி, பசி தாங்கப் பருப்பு, வயிற்றைத் தணிக்க வெந்தயம். பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

சட்டியைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நாளைக்கு எள்ளுருண்டை பிடித்துக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம், எலுமிச்சை பிழிந்த வெள்ளரிப் பச்சடி. பெரியவளுக்காகச் செய்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வளரும் பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த விஷயத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் அதிகம் எடுக்கும்; சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அது தடுத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி. பயறையும் கேழ்வரகையும் ஊறவைத்து முளைகட்டிவிட்டால் சத்தைக் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறையும். முளைகட்டிய கேழ்வரகை நிழலில் உலர்த்தி வறுத்து அரைத்த மாவுதான் சின்னவனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கூழ்.

பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் அவள் தவறாமல் போட்டுக்கொள்கிறாள். நல்ல சாப்பாடு இருக்கிறதே என்று மருத்துவம் சொல்வதை விட்டுவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

தூயமல்லி அரிசி வந்தது. வாரத்தில் இரண்டொரு வேளை இந்தச் சோறு. தீட்டாத சாமையும் ஒரு கிலோ. பளீரென்று வெள்ளையாக இருக்கும் சாமை தவிட்டை முழுக்கத் தீட்டி எடுத்தது. நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் அந்தத் தவிட்டோடு போய்விடும். மங்கின நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். சீக்கிரம் வண்டு விழும் என்பதால் கொஞ்சமாக வாங்க வேண்டும்.

தூயமல்லி போன்ற நெல் ரகங்கள் இன்றைக்குக் கடையில் கிடைக்கின்றன என்றால் நெல் ஜெயராமன் போன்றவர்கள் பட்ட பாடு அது. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரைப் பின்பற்றி வந்தவர். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-இல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வந்த விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல். மறுவருஷம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. 2018 டிசம்பரில் புற்றுநோயால் மறைந்தார். தட்டில் இந்தச் சோற்றைப் போடும்போது பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்கிறேன்.

மற்ற நாளெல்லாம் புழுங்கல் அரிசிதான். ரேஷன் புழுங்கலரிசியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். அதன்பின் தீட்டினாலும் பச்சரிசியைப் போல முழுக்கப் போகாது. அந்தச் சோற்றோடு பருப்பும் கீரையும் மோரும் சேர்ந்தால் அதுவும் இயற்கை உணவுதான். பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று இதை யாரும் ஒதுக்கி வைத்துவிடக் கூடாது.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். அலுவலகத்தில் நேற்றே பூ கொடுத்தார்கள். நான் இன்றைக்கு எழுத நினைத்தது வேறு.

ஊறவைப்பது, முளைகட்டுவது, ஆட்டுவது, கீரை ஆய்வது, கொட்டை எடுப்பது, காயவைப்பது: நல்ல உணவுக்குக் கேட்கிற விலையில் பெரும்பகுதி பணமல்ல, நேரம். அந்த நேரம் முழுவதையும் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டால் அவளுடைய உடம்பு தேயும். கொஞ்ச நாளில் அவள் சோர்ந்து போவாள். பாக்கெட்டுகள் வீட்டுக்குள் திரும்பி வரும். பாரம்பரிய உணவைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. அந்தக் காலத்து ஆரோக்கியம் என்று நாம் புகழ்வதெல்லாம் ஆட்டுக்கல்லிலும் உரலிலும் பெண்கள் கழித்த நேரம்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஊறப் போடுவது அத்தை. மாவு ஆட்டுவதும் எண்ணெய், தானியம் வாங்குவதும் இவர். கீரை ஆய்வது பெரியவள். தட்டு எடுத்து வைப்பதும் பயறுக்குத் தண்ணீர் மாற்றுவதும் சின்னவன். சமைப்பது நானும் இவரும் முறைபோட்டு. அத்தைக்கு முதலில் மகன் கிரைண்டர் கழுவுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இப்போது, "டேய், குழவியை நல்லாத் தேய்ச்சுக் கழுவு" என்று அவர்களே சொல்கிறார்கள்.

வீட்டுச் சாப்பாட்டை மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் கருப்புக் கவுனியும் மலைத்தேனும் வாங்க ஓட வேண்டாம். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, அடுப்படி வேலையில் யாருக்கு எது என்று எழுதி ஒட்டுங்கள். அதைச் செய்த வீட்டில் நல்ல உணவு நிலைக்கும்.