சபதம் யார் தலையில் விழுகிறது?

கண்ணுகளா, காதலைப் பற்றிப் பெரியவர்கள் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் உட்காருங்கள். நான் பேச வந்தது கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்' நாவலில் வரும் ஒரு சந்திப்பைப் பற்றி.

1944 முதல் 1946 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. நம்மூர் முள்ளிப்பட்டுக்காரர்களுக்கு அது தூரத்துக் கதையும் இல்லை. செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போனால், தூசிக்குப் பக்கத்தில் மாமண்டூரில் மகேந்திர பல்லவர் குடைவித்த குகைக் கோயிலைப் பார்க்கலாம். அவர் மகன் நரசிம்மவர்மர், அதாவது மாமல்லர், 642இல் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தது சரித்திரம். சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் கல்கியின் கற்பனை.

கதையில் சிவகாமியும் மாமல்லரும் காதலர்கள். வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமியை நாற்சந்தியில் ஆட வைக்கிறார்கள். ஆட மறுத்தால், கூடப் பிடிபட்டு வந்த நம் ஜனங்கள் முதுகில் சாட்டை விழும். அந்த அவமானத்தில்தான் அவள் சபதம் போடுகிறாள்: மாமல்லர் இந்த ஊரை எரித்து என்னை அழைத்துப் போக வேண்டும், அதுவரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று. அவள் கோபம் முழுக்க முழுக்க நியாயம். அதை யாரும் தப்பென்று சொல்ல நான் விடமாட்டேன்.

பிறகு மாமல்லரே மாறுவேடத்தில், உயிரைப் பணயம் வைத்து அவளைக் கூட்டிப்போக வருகிறார். சபதம் நிறைவேறவில்லை, வர மாட்டேன் என்கிறாள்.

எனக்கு வலிக்கிற இடம் அதுதான். படை திரட்டி வருவதற்குள் ஒன்பது வருஷம் ஓடிவிடுகிறது. ராஜ்யத்துக்காக மாமல்லர் பாண்டிய இளவரசியைக் கட்டிக்கொள்கிறார், குழந்தைகளும் பிறக்கின்றன. வாதாபி எரிகிறது. அந்த அழிவைப் பார்த்த சேனாதிபதி பரஞ்சோதி வாளையே விட்டுவிடுகிறார். காஞ்சிக்குத் திரும்பிய சிவகாமி, ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைத்துவிடுகிறாள். ஒருத்தி போட்ட சபதத்துக்கு எத்தனை பேர் விலை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இழை அறுந்த எரிச்சலில் பலகையை ஓங்கி அடித்தால், அந்த இடத்தில் ஊடை நெருங்கி ஒரு வரி விழும். புடவையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணில் குத்தும். அதற்குமேல் எவ்வளவு நிதானமாக நெய்தாலும் அது மறையாது. கோபத்தில் போடுகிற சபதமும் அப்படித்தான்.

வேறு மாதிரிப் பிடிவாதமும் உண்டு. சார்லட் பிராண்டி 1847இல் எழுதிய 'ஜேன் அயர்' நாவலில், மனைவி உயிரோடு இருப்பதை மறைத்து ராசெஸ்டர் தன்னைக் கட்டிக்கொள்ள இருந்தார் என்பது ஜேனுக்குத் தெரியவருகிறது. உயிருக்குயிராக நேசித்தவனை விட்டு வெளியேறுகிறாள். அவளும் பிடிவாதக்காரிதான். ஆனால் அந்தப் பிடிவாதத்தின் பாரத்தைத் தானே சுமந்தாள், அவன் மேல் எந்த நிபந்தனையும் போடவில்லை. அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சபதம் போடுவது வாலிபப் பிள்ளைகள் மட்டுமா? பெற்றவர்களும்தான். 'அவன் இந்த வாசப்படி மிதித்தால் என் பிணத்தைத்தான் பார்ப்பாய்' என்று ஒரு அப்பா கத்திவிடுகிறார். பேத்தி பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிடுகிறாள், அவர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவர்களிடமும் இதே கதையைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் சண்டை முற்றி, 'இனிமேல் ஜென்மத்துக்கும்' என்று வாய்க்கு வருகிறதா? ஒரு ராத்திரி பொறுங்கள். காலையில் எழுந்த பிறகும் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டால் என்னிடம் வாருங்கள். உங்கள் வீட்டில் நானே வந்து பேசுகிறேன்.