வளையும் கிளையும்

தஞ்சை வயல்களில் வரப்பைத் துளைத்து வளை அமைத்து வாழ்வது வயலெலி. ஆனைமலைச் சோலைகளில், பெரும்பாலும் நிலத்தில் இறங்காது, உயர்ந்த மரக்கிளைகளிலேயே வாழ்வது சிங்கவால் குரங்கு. இவ்விரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்பது கேட்போர்க்கு வியப்பைத் தரும். எனினும் உண்மை அதுவே. இரண்டன் உடலிலும் மயிர் உண்டு; குருதி வெம்மை மாறாதது; கழுத்தில் உள்ள முள்ளெலும்புகள் ஏழே. எல்லாவற்றினும் மேலாக, இரண்டும் குட்டி ஈன்று பால் ஊட்டுவன. ஆதலின் அறிவியலார் இவற்றைப் பாலூட்டிகள் என்பர். எலியின் இளமைக்கும் குரங்கின் இளமைக்கும் குட்டி என்னும் பெயர் உரியதெனத் தொல்காப்பிய மரபியலும் கூறுகின்றது.

வகுப்பு ஒன்றாயினும் வாழ்க்கைக்கேற்ப உறுப்புகள் வேறுபடும். எலியின் முன்பற்கள் உளி போன்றவை. வாழ்நாள் முழுதும் வளர்வன. கொறித்துத் தேய்க்காவிடின் அவை நீண்டு உணவு கொள்ளத் தடையாகும். வளையின் இருளில் மீசைமயிரும் மோப்பமுமே அதற்கு வழிகாட்டுவன. குரங்கின் கண்களோ முன்னோக்கி அமைந்தவை. அடுத்த கிளையின் தொலைவை அறிந்து தாவத் துணைபுரிவன. அதன் கைகள் கிளையைப் பற்றவும் கனியைப் பறிக்கவும் ஏற்றவை. எலி நெற்கதிரை வளையில் சேமிக்கும். குரங்கு கனியைக் கன்னப்பையில் அடக்கும்.

தாய்மையிலும் வேற்றுமை பெரிது. வயலெலி ஏறத்தாழ 23 நாள் கருவைச் சுமந்து, ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். அவை மயிரின்றியும் கண் திறவாமலும் பிறக்கும். சில திங்களில் தாமும் இனம்பெருக்கும் பருவம் எய்தும். சிங்கவால் குரங்கு ஏறத்தாழ 6 திங்கள் சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். அது கண் விழித்தே பிறந்து, தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளும். அடுத்த குட்டி பிறக்க ஆண்டுகள் சில செல்லும்.

இதனால் விளைவது யாது? வெள்ளம் வளைகளை அழிப்பினும், எஞ்சிய சில எலிகள் விரைவில் பல்கிப் பெருகும். சோலை அழியின் குரங்கினம் மீள்வது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத அவ்வினம் இன்று அருகிவருகின்றது. வால்பாறைப் பகுதியில் தோட்டங்களும் சாலைகளும் சோலையைத் துண்டாடின. கிளைவழி அறுபட்ட குரங்குகள் சாலையில் இறங்கி, ஊர்திகளில் அடிபட்டு மாண்டன. அது கண்டு இரங்கியோர், சாலையின் இருபுற மரங்களையும் இணைத்துத் தொங்கு பாலங்கள் அமைத்தனர்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது பழமொழி. எலி தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும். குரங்கோ தன் சோலையைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உள்ள சோலையைக் காத்தல் மக்களின் கடனாகும்.