முன்பாரம், பின்பாரம்

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியை ஒட்டிப் போகும் ஒரு சந்துக்குள் அந்த வெல்டிங் பட்டறை இருக்கிறது. நான் போன காலையில் எனக்கு முன்னால் ஒரு மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள் நின்றது. பின் இருக்கை இருக்கவேண்டிய இடத்தில் தகரம் அடித்த பலகைப் பெட்டி; மூடியின் மேல் வெட்டுப் பலகையும் தராசும். ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணீர், பெட்டியைத் தாங்கும் இரும்பை அரித்துவிட்டிருந்தது. அரித்த துண்டை வெட்டியெடுத்துப் புது இரும்பு வைத்துக்கொண்டிருந்தார் பட்டறைக்காரர். வருகிறவர்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுகிறார்கள்.

என்னுடையது பழைய ஹோண்டா பாஜா 250. மலைப்பாதைக்கென்றே செய்த வண்டி. சாமான் வைக்க ஒரு சாண் இடம் கிடையாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. வெளிநாட்டுப் பக்கப் பெட்டியை ஆசைப்பட்டுப் பார்க்கக்கூட முடியாமற் போயிற்று. இருப்பதைக் கொண்டு செய்துகொள்வது என்று பலர் துணிந்தது அப்போதுதான்.

பக்கப் பெட்டி செய்துகொள்ள எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. பட்டறைக்குப் போவதற்கு முந்தைய வருடம் உன்னஸ்கிரிய வழியாக நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துக்குப் போனேன். கூடாரம், அடுப்பு, உடுப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து இருக்கையின் பின்னால் உயரமாகக் கட்டியிருந்தேன். ஏற்றத்தின் ஒரு வளைவில் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்கவில்லை. கைப்பிடி திரும்பியது, வண்டி திரும்பவில்லை. மண்மேட்டில் சாய்ந்ததால் பிழைத்தேன். மறுபக்கம் பள்ளம்.

இதைச் சொன்னதும் நானா வண்டியைப் பார்க்கவில்லை. பை எங்கே இருந்தது, எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டார்.

“எங்கட வாப்பா மாட்டு வண்டி வச்சிருந்தவர், தம்பி. ஏத்தத்துல பின்பாரம் வந்தா நுகம் மேல கிளம்பும். எறக்கத்துல முன்பாரம் வந்தா மாட்டுக் கழுத்து நசுங்கும். ஒங்கட வண்டிக்கு முன்சக்கரம்தான் மாட்டுக் கழுத்து.”

1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை, இந்த மலைகளில் விளைந்த கோப்பி மூட்டைகள் கடுகண்ணாவைக் கணவாய் வழியாக மாட்டு வண்டிகளில்தான் இறங்கின. அந்த வண்டிக்காரர்களின் கணக்கு இந்தப் பட்டறைக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பெட்டிக்கு நாங்கள் எடுத்தது 20 லீற்றர் பிளாஸ்டிக் கேன் இரண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் இரும்புக் கேனுக்கும் இதே கொள்ளளவுதான். நெடும்பயணம் போகும் பலர் இத்தகைய கேனின் அகன்ற பக்கத்தை வெட்டிக் கதவாக்கிக்கொள்வதுண்டு. நான் கொண்டுபோன கேன்களில் ஒன்றை நானா திருப்பிக் கொடுத்துவிட்டார். அது 2022 எரிபொருள் வரிசையில் பெட்ரோல் சுமந்த கேன். காலிக் கேனுக்குள் தங்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். அப்படிப்பட்டதை அவர் வாசலுக்குள் விடுவதில்லை. தேங்காயெண்ணெய் வந்த கேன் ஒன்று பக்கத்துக் கடையில் கிடைத்தது.

பெட்டிகளைத் தாங்கும் கெரியருக்கு அலுமினியம் போடலாமா என்று கேட்டேன். அலுமினியம் விரிசல் விட்டால் அதை ஒட்ட ஆர்கன் வாயுவும் தனி மெஷினும் வேண்டும். சாதாரண இரும்புக் குழாயை மகியங்கனையிலும் ஒட்டலாம், மாத்தளையிலும் ஒட்டலாம். பாரம் கொஞ்சம் கூடினாலும் வழியில் கைவிடாது என்றார்.

வண்டியின் சட்டத்தில் அவர் வெல்டிங் வைக்கவே இல்லை. சூடு பட்ட இடம் பலம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளைத் தேடினார்: இருக்கைக்குக் கீழே ஒன்று, பின்னால் இருப்பவர் கால் வைக்கும் இடத்தில் ஒன்று. இலக்கத் தகட்டுக்குப் பின்னால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று போட்டார். பெட்டிகள் ஆடும்போது கெரியர் முறுகாமல் பிடிப்பது அதுதான். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, அளவுக்குப் புள்ளி புள்ளியாக மட்டும் வண்டியிலேயே ஒட்டினார். பிறகு கழற்றிக் கீழே வைத்து, ஒரு மூலை, எதிர்மூலை என்று மாற்றி மாற்றி முழுதாக ஒட்டினார். ஆறும்போது இரும்பு தன்பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் துளைகள் பொருந்தாது.

அதிக நேரம் போனது என் காலுக்காக. வண்டியில் உட்காரச் சொல்லி, சேற்றில் போவதுபோல் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளச் சொன்னார். பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் இடித்தது. சரிந்தால் கால் பெட்டிக்கு அடியில் சிக்கி எலும்பு முறியும். பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தினால் பின்பாரம் கூடும். நாலு விரல் அளவுக்குப் பின்தள்ளினார். அந்தக் குறையை அடுக்கும் விதத்தில் சரிக்கட்டச் சொன்னார். கனமானது அடியில், முன்மூலையில், உடுப்பு மேலே. சைலன்சர் பக்கம் இடைவெளி விட்டு, சூட்டுக்குத் தகரம் ஒன்று மறைப்பாக வைத்தார். பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார், தடையில்லாமல் வந்தது. கேனின் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சிறு துளை.

நிறை பார்க்கத் தராசு தந்தவர் மீன் வியாபாரி. பெயின்ட் காயட்டும் என்று காத்திருந்தவர், இரண்டு கேனிலும் எட்டெட்டுக் கிலோ அரிசி வைத்து நிறுத்துக் கொடுத்தார். “எங்களுக்கு விக்க விக்கப் பாரம் குறையும். நீங்க போய்ச் சேரும்வரை இதே பாரந்தான், பார்த்துப் போங்க” என்றார்.

மீன் பெட்டியையும் பாண் வண்டிப் பெட்டியையும் செய்து பழகிய கைகளுக்கே என் வண்டியின் பயணமும் புரிந்திருந்தது. இந்த அறிவை நாம் ‘பட்டறை வேலை’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். எடை எங்கே இறங்கும், எந்த மூட்டு முதலில் விரியும், விழுந்தால் கால் எங்கே போகும் என்பதையெல்லாம் நினைத்துச் செய்கிறவனை வடிவமைப்பாளன் என்று சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை?

இரண்டு வாரம் கழித்து அதே மீமுரே பாதையில் ஏறினேன். அதே வளைவில் முன்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பியது. ஊர் திரும்பியதும் பட்டறைக்குப் போனேன். பயணம் எப்படி என்று நானா கேட்கவில்லை. குந்தியிருந்து, சேற்றைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். குறுக்குக் குழாயின் ஒரு நட்டு கால் சுற்று இளகியிருந்தது. அதை இறுக்கிவிட்டுத்தான் எழுந்தார்.